ஐம்பது ரூபாய்க் கடிதமும் கற்பிட்டிக் கரையும்

2022 ஆகஸ்ட் மாதம், இலங்கையில் ஒரு வார இடைவெளியில் இரண்டு விலைகள் ஏறின. 15ஆம் திகதி சாதாரணக் கடிதத்தின் குறைந்தபட்சக் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயானது. 21ஆம் திகதி நள்ளிரவு மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குத் தாவியது. கற்பிட்டி, கண்டக்குழி, உடப்பு என்று புத்தளம் மாவட்டக் கரை நெடுகப் பேச்செல்லாம் மண்ணெண்ணெய்தான். படகு எஞ்சின் ஓடாவிட்டால் அடுப்பும் எரியாது. இதில் முத்திரை விலைக்காக மறியல் செய்ய யாருக்கு நேரம்? மூன்று மடங்குக்கும் மேல் ஏறிய கட்டணம் சத்தமில்லாமல் கடந்து போயிற்று.

"இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். குவைத்துக்கும் சவுதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்களின் கடிதத்துக்காகக் குடும்பமே வாசலில் காத்துக் கிடந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது பிள்ளையின் முகத்தை வட்ஸ்அப்பிலேயே பார்த்துவிடுகிறார்கள். அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் தபால்காரரின் பை காலியாகிவிடவில்லை. நீதிமன்ற அழைப்பாணை, வங்கிக் கடிதம், பரீட்சை அனுமதி அட்டை, நேர்முகத் தேர்வு அழைப்பு, வாக்காளர் அட்டை எல்லாம் அதில்தான் வருகின்றன. சனங்கள் எழுதுவதை விட்டுவிட்டார்கள், அரசாங்கம் விடவில்லை. அந்தக் கடிதம் ஒரு நாள் பிந்தினால் வழக்குத் தவணை தவறும், வேலை கைநழுவும்.

புத்தளம் மாவட்டத்தில் முகவரி என்பதே இலேசான காரியமல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து இறங்கியது இங்கேதான். தென்னந்தோப்பிலும் வெறும் மணலிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. வீட்டிலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. உறையின் மேல் ஆளின் பெயர், முகாமின் பெயர், அவ்வளவுதான். அதே பெயரில் முகாமுக்கு நாலு பேர் இருந்தால் எருக்கலம்பிட்டி ஆளா, முசலிப் பக்கத்து ஆளா, யாழ்ப்பாணம் சோனகத் தெரு ஆளா என்று விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த அறிவு எந்தக் கணினியிலும் இல்லை. சைக்கிளில் போகிறவரின் தலைக்குள் இருந்தது. இருப்பு இங்கே, வாக்கு மன்னாரில் என்று வருடக்கணக்காக இரண்டு ஊருக்கும் இடையில் நின்றவர்கள் இவர்கள். 2019 ஜனாதிபதித் தேர்தலன்று வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போன பஸ்கள்மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இப்படிப்பட்ட சனத்துக்குத் தன் பெயர் எழுதிய உறை ஒன்று சரியான கைக்கு வந்து சேருவது சின்ன விடயமா?

பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டிக்கு நாற்பது கிலோமீற்றர் அளவில் வரும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். கூரியர்காரருக்கு இந்த வீதியின் ஒவ்வொரு ஒழுங்கையும் செலவுக் கணக்கு. "சந்திக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போனில் சொல்லிவிட அவரால் முடியும், தபால்காரரால் முடியாது. 1840இல் இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில்லின் யோசனைப்படி ஒரு பென்னி முத்திரை வந்தபோது புரட்சியாகப் பேசப்பட்டது மலிவு மட்டுமல்ல, நாடு முழுக்கத் தூரம் பாராத ஒரே விலை என்பதும்தான். கொழும்பு கோட்டைக்கும் கண்டக்குழிக்கும் அதே ஐம்பது ரூபாய் என்பது அந்த வழியில் வந்த நியாயம்.

அந்த நியாயம் உலகெங்கும் ஆட்டம் காண்கிறது. 1624இல் தொடங்கிய டென்மார்க்கின் அரசுக் கடித விநியோகம் 2025 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. அங்கே கடிதங்கள் இருபத்தைந்து ஆண்டுகளில் தொண்ணூறு வீதத்துக்கும் மேல் குறைந்துபோயின. பக்கத்து இந்தியாவில் புத்தகங்களுக்கான சலுகைத் தபாலை 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். அடுத்த செப்டெம்பரில் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலுக்குள் கரைந்தது. சந்தாதாரரை நம்பி நடக்கும் சிற்றிதழ்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று ஒரு வார இதழுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. நமக்கும் இதில் சுயநலம் உண்டு, மறைப்பானேன்?

தபால் திணைக்களம் நட்டத்தில் ஓடுகிறது என்பதில் சந்தேகமில்லை. நாலாயிரத்துக்கு அண்மித்த தபாலகங்களும் உபதபாலகங்களும், அவற்றின் ஊழியர்களின் சம்பளமும் சும்மா வருவதில்லை. கட்டண உயர்வையே பாவம் என்று நாம் சொல்லவில்லை. ஏற்றிய பிறகு என்ன கிடைத்தது என்றுதான் கேட்கிறோம். 2025 ஆகஸ்டில் மேலதிக நேரக் கொடுப்பனவுக்காகவும் கைரேகை இயந்திரத்துக்கு எதிராகவும் ஊழியர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கைரேகை வைக்க மறுப்பதை நாம் ஆதரிக்க மாட்டோம். வந்த நேரமும் போன நேரமும் பதிவாகட்டும், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் தபால்காரர் இல்லாத பிரிவில் கைரேகை இயந்திரம் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்காது.

வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020 ஊரடங்கில் கிளினிக் நோயாளிகளின் மருந்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது தபால்தான். முதியோர் கொடுப்பனவுக்கு மாதாமாதம் வயதானவர்கள் வரிசையில் நின்றதும் அதே வாசலில்தான். கற்பிட்டி வெங்காயமும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கு ஓடும் லொறிச் சாரதியைக் கேட்டுப் பாருங்கள்: வழியில் பொலிஸ் தண்டச்சீட்டு எழுதினால், தபாலகம் திறக்கும்வரை காத்திருந்து பணம் கட்டி, பற்றுச்சீட்டோடு திரும்பிப் போய்ச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்க வேண்டியிருந்த கதையைச் சொல்வார். இப்போது அரசின் இணையவழிக் கட்டண முறையான கவ்பே வந்து அந்த அலைச்சல் குறைகிறது, நல்லதே. ஆனால் போனில் பணம் கட்டத் தெரியாதவருக்கு அதே கவ்பேயை உபதபாலக மேசையில் வைப்பதற்கு என்ன தடை? கருவாடும் பலகாரமும் முகநூலில் விற்கும் பெண்கள் பொதியை அனுப்பி, கொடுக்கும்போதே காசு வாங்கும் வசதியைத் தங்கள் ஊர் உபதபாலகத்திலேயே பெற ஏன் முடியாது? கவுண்டரில் தமிழில் பேசி, தமிழில் படிவம் நிரப்பித் தரும் ஒருவரையாவது அமர்த்துவது இந்தக் கரைக்கு ஆடம்பரமா?

அடுத்த கட்டண உயர்வு வர்த்தமானியில் வரும் நாளில், எந்தெந்த உபதபாலகத்தில் எந்த வெற்றிடம் எந்த மாதத்துக்குள் நிரப்பப்படும் என்ற பட்டியலையும் தபாலுக்குப் பொறுப்பான அமைச்சு மாவட்டம் மாவட்டமாக வெளியிட வேண்டும். புத்தளம் மாவட்டப் பட்டியலை இந்த இதழில் அச்சிட நாம் தயார்.