கண்ணாடித் துணிக்குக் கஞ்சி போட்ட கதை

ரெண்டு மாசமா கடைப்பக்கம் வரல மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னைக்கு மேட்டர் என்னன்னு கேட்டா "இதுக்கெல்லாமாடா ஒரு பதிவு?"ன்னு சிரிப்பீங்க. மைக்ரோஃபைபர் துணி. அதாங்க, மூக்குக்கண்ணாடி வாங்கினா டப்பாக்குள்ள மடிச்சு வச்சுத் தர்றாங்களே, அந்த வழுவழு துணி. சிரிச்சு முடிச்சாச்சா? மேல படிங்க.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா ரிட்டயர்டு வாத்தியார். காலைல காபியோட பேப்பரை, வரி விளம்பரம் உட்பட, கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாத்தான் அவருக்குப் பொழுது விடியும். இந்தத் தடவை பேப்பர் மடிச்சது மடிச்சபடி திண்ணையில கிடந்துச்சு. கேட்டா, "எழுத்தெல்லாம் புகையாத் தெரியுதுடா. புரை விழுந்துடுச்சு போல. எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் வந்துச்சு"ன்னார். இருட்டினப்புறம் ஸ்கூட்டரையும் எடுக்கறதில்லையாம். எதிர்ல வர்ற வண்டி லைட்டெல்லாம் சிதறித் தெரியுதாம். மூணு மாசமா அம்மாகிட்டக்கூடச் சொல்லாம, பயத்தை மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கார்.

மறுநாளே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். சொட்டு மருந்து விட்டு, உக்கார வச்சு, எல்லாம் பார்த்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க: "ஆபரேஷன் பண்ற அளவுக்குப் புரையெல்லாம் இல்ல சார். பவரும் மாறல. இந்தக் கண்ணாடியைத்தான் மாத்தணும்." லென்ஸை லைட்டுக்கு நேரா பிடிச்சுக் காட்டினாங்க. வட்ட வட்டமா அத்தனை கீறல்!

வீட்டுக்கு வந்ததும் விசாரணைக் கமிஷன் வச்சேன். அந்தக் கண்ணாடி வாங்கினப்பவே நல்ல மைக்ரோஃபைபர் துணி ஒண்ணு தனியா வாங்கிக் கொடுத்திருந்தேனே, அது எங்க? அம்மா பீரோவைத் திறந்து, அப்பாவோட வேட்டி அடுக்குலேர்ந்து எடுத்துத் தந்தாங்க. அப்பளம் மாதிரி விறைப்பா இருந்துச்சு. வேட்டியோட சேர்த்துக் கஞ்சியில முக்கி, இஸ்திரி வண்டிக்காரர்கிட்டயும் கொடுத்து வாங்கியிருக்காங்க. "அதுல துடைச்சா கோடு கோடா விழுதுன்னார். வெலை கூடின துணியாச்சேன்னு பத்திரமா எடுத்து வச்சுட்டேன்." அப்பா பழையபடி வேட்டி நுனிக்கே போயிட்டார்.

அம்மாவைச் சொல்லிக் குத்தமில்ல. சென்னையில நான் பண்ணின கூத்தைக் கேளுங்க. லேப்டாப் துடைக்கிற துணியை டர்க்கி டவலோட சேர்த்து வாஷிங் மெஷின்ல போட்டு, வாசனைக்கு சாஃப்ட்னரும் ஊத்தினேன். அப்புறம் துடைச்சா ஸ்கிரீன் பூரா எண்ணெய் பூசின மாதிரி திட்டுத் திட்டா இருந்துச்சு. தண்ணியக்கூட உறிஞ்ச மாட்டேன்னுது. "டூப்ளிகேட் சரக்கு"ன்னு திட்டித் தூக்கிப் போட்டுட்டு ஆன்லைன்ல பத்து வாங்கினேன். படிச்சது பி.இ. மெக்கானிக்கல். வெளிய சொல்லிடாதீங்க :-)

இப்ப கொஞ்சம் வாத்தியார் பையன் வேலை. நூலோட பருமனை டெனியர்னு அளப்பாங்க. 9000 மீட்டர் நூல் 1 கிராம் எடை இருந்தா அது 1 டெனியர். நம்ம தலைமுடி சுமார் 20 டெனியர். மைக்ரோஃபைபர் இழை 1 டெனியருக்கும் கீழ. 1970-ல ஜப்பான்ல டோரே கம்பெனியில மியோஷி ஒகாமோட்டோங்கறவர் உருவாக்கின நுண்ணிழை இதுக்கெல்லாம் ஒரு முன்னோடி. துடைக்கிற துணியில பெரும்பாலும் பாலியெஸ்டர் 80, நைலான் 20-ன்னு கலந்து, ஒவ்வொரு இழையையும் கேக் துண்டு மாதிரி பிளந்து வச்சிருப்பாங்க. அந்தப் பிளவுகள்தான் எண்ணெய், தூசி, தண்ணி எல்லாத்தையும் உள்ள இழுத்துக்குது. அரத்தோட பல்லுல தூள் அடைச்சுக்கிட்டா அரம் ராவுமா? அதே கதைதான் இங்கயும்.

கஞ்சி அந்தப் பிளவை அடைக்கும். சாஃப்ட்னர் இழை மேல படலம் பூசும். இஸ்திரிச் சூட்டுல இழைகள் உருகி ஒட்டிக்கும். பிளீச்சிங் நைலானை அரிக்கும். பருத்தித் துணியோட சேர்த்துத் துவைச்சா அதோட பஞ்சு இதுல ஏறி உக்காந்துக்கும். அதனால இதைத் தனியா, வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் லிக்விட் சோப்பு போட்டுக் கசக்கி, ரெண்டு மூணு தடவை அலசி, நிழல்ல உலர்த்தினா போதும். வேற எந்த ராஜ மரியாதையும் வேணாம்.

இன்னொண்ணும் சொல்லணும். அப்பா கண்ணாடியைக் கெடுத்தது வேட்டி இல்ல, அதுல ஒட்டியிருந்த மண்ணு. இப்ப வர்ற லென்ஸெல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக். தெருப்புழுதியில இருக்கிற மணல் அதைவிடக் கடினம். காஞ்ச லென்ஸை அப்படியே தேய்ச்சா உப்புத்தாள் போடற மாதிரிதான். மண்ணு ஏறின மைக்ரோஃபைபரும் அதே வேலையைத்தான் செய்யும். அதனால முதல்ல குழாயில காட்டி (வெந்நீர் வேணாம், கோட்டிங் போயிடும்), புழுதி போனப்புறம் துணியால ஒத்தி எடுங்க. கீழ விழுந்த துணியைத் துவைக்காம கண்ணாடி மேலயோ கார் மேலயோ வைக்காதீங்க.

"அப்ப வீடு பூரா மைக்ரோஃபைபர் வாங்கிடலாமா?"ன்னா, வேணாம்ங்கறதுதான் என் கட்சி. இது பிளாஸ்டிக் நூல். துவைக்கத் துவைக்கத் துணுக்கு உதிர்ந்து சாக்கடை வழியா கடலுக்குப் போகுது. கடல்ல நேரடியா சேர்ற நுண்பிளாஸ்டிக்ல சுமார் 35 சதவீதம் செயற்கைத் துணிகளைத் துவைக்கறதால வர்றதுன்னு ஐயூசிஎன் அமைப்பு 2017-ல மதிப்பிட்டிருக்கு. சமையல் மேடைக்கும் ஜன்னல் கம்பிக்கும் கிழிஞ்ச வேட்டியே போதும். கண்ணாடிக்கு ஒண்ணு, ஸ்கிரீனுக்கு ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணு. மூணே மூணு. ஒழுங்கா வச்சுக்கிட்டா வருஷக்கணக்குல வரும். பத்து ரூபாய்க்கு ஒண்ணுன்னு கட்டு கட்டா வாங்கி, ஒரே துவைப்புல கெடுத்து, குப்பையில போடறதுதான் எனக்குப் பொறுக்கல. நானே பண்ணினவன்தான்.

அதைவிட உறுத்தறது வேற. துணியை அப்பா கையில கொடுத்துட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன். இதை எப்படித் துவைக்கணும்னு ரெண்டு நிமிஷம் அம்மாகிட்ட சொல்லல. அட்டையில பொடி எழுத்துல இங்கிலீஷ்ல போட்டிருந்ததை நானும் படிக்கல. அந்த ரெண்டு நிமிஷத்துக்கு விலை, அப்பாவோட மூணு மாசப் பயம்.

இப்ப புது லென்ஸ் போட்டாச்சு. வரி விளம்பரம் வரைக்கும் பேப்பர் தீர்ந்துடுது. கஞ்சித் துணியை வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சுப் பார்த்தேன். கஞ்சி போச்சு, இஸ்திரியில ஒட்டின இடம் மட்டும் சரியாகல. ஸ்கூட்டர் சீட்டு துடைக்கப் போயிடுச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு அம்மா கடைசியா கேட்டாங்க: "வேட்டிக்காவது கஞ்சி போடலாமாடா?"

டிஸ்கி: உங்க வீட்டுத் துணி என்ன கதியில இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அதுக்கு முன்னாடி உங்க கண்ணாடியை ஒரு தடவை லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. அப்பா அம்மாவோடதையும்.