விளக்கின் ஒளியும் வார்ப்போர் மூச்சும்

நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் எழிலைப் போற்றும் நாம், அதனை வார்ப்போரின் நுரையீரலை எண்ணிப் பார்ப்பதில்லை. பித்தளையை உருக்கி ஊற்றும் வெப்பம், அதிலுள்ள துத்தநாகத்தின் கொதிநிலையாகிய 907 பாகை செல்சியசைத் தாண்டுவதால் வெண்புகை எழுகிறது. அதனைச் சுவாசித்தவரை அன்றிரவே குளிர்காய்ச்சல் வாட்டும். ஓரிரு நாளில் தணியும். வார்ப்பு மணலின் நுண்தூசியால் வரும் கேடோ தணிவதன்று. ஆண்டுக்கணக்கில் படிந்து, நுரையீரலைத் தழும்பாக்கி, மீளாத சிலிக்கோசிஸ் நோயைத் தரும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக வகுத்தும், பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகள் பொதுவாக அதன் வரம்புக்கு வெளியிலேயே நின்றன.

உலைக்கு மேல் புகைபோக்கி, ஆறிய அச்சை நீர் தெளித்து உடைத்தல், தகுந்த முகக்கவசம், ஆண்டுதோறும் மார்புச் சோதனை ஆகியன எட்டாக்கனிகள் அல்ல. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். வியர்வைக்குரிய கூலியோடு மூச்சுக்குரிய காப்பையும் சேர்த்தே விளக்கின் விலையை நாம் கணக்கிடுதல் வேண்டும்.