கோடிட்ட இடத்தை நிரப்பினால் விவாகரத்தா?

"ரெண்டு பேருக்கும் சம்மதம்னா வக்கீல் எதுக்கு? நெட்லயே ஃபார்ம் கிடக்கே!" தென்காசி ஜெராக்ஸ் கடையிலும் ஐந்தருவி டீக்கடையிலும் இந்தப் பேச்சு சகஜம். முன்பெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கித் 'தீர்த்துவிட்டார்கள்'. இப்போது அந்த வேலையைக் கைப்பேசிச் செயலியிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து வேலை முடிந்தால் காரியம் முடிந்தது என்ற நினைப்பு மட்டும் மாறவில்லை.

பத்திரத்தின் கதை தெரிந்ததுதான். வழக்கப்படி தீர்த்துக்கொண்டோம் என்பவர், தம் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் உண்டென்று நிரூபிக்க வேண்டும் என 2002இல் யமனாஜி ஜாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் குலா (முஸ்லிம் மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்றிதழும் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2023இல்.

படிவம் இதைவிட நாசூக்கானது. நீதிமன்றத்துக்கே போகும் காகிதம் என்பதால் சந்தேகம் வராது. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு கேட்பதும் அதிகமில்லை: ஓராண்டாவது பிரிந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியாத நிலை வேண்டும், இருவரும் ஒப்ப வேண்டும். பெயரும் தேதியும் போட்டால் மனு தயார். வில்லங்கம், நாம் நிரப்பாத பத்தியில் இருக்கிறது. கடந்தகால, நிகழ்கால, வருங்கால ஜீவனாம்சம் எதையும் ஒருவரிடம் ஒருவர் கோர மாட்டார்கள் என்ற வாசகம் இணையத்தில் சுற்றும் மாதிரி மனுக்கள் பலவற்றில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். ஆலங்குளத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண் அதன் கீழே கையெழுத்திட்டால், 25ஆவது பிரிவு தரும் நிரந்தர ஜீவனாம்சத்தைத் தானே விட்டுக்கொடுத்தவர் ஆகிறார். சீராகக் கொண்டுபோன பீரோவையும் நகையையும் எழுதக் கட்டமே இருக்காது. கணவரின் வருமானம்? ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ்–நேஹா தீர்ப்பு வகுத்தது. ஆனால் ஜீவனாம்சம் கேட்டால்தானே அந்தக் கணக்கு வெளியே வரும்!

எங்கே மனு போடுவது என்பதும் இப்படித்தான். ஐந்தருவிப் பக்கத்துப் பெண்ணுக்கு மதுரையில் கல்யாணம், திருப்பூரில் குடித்தனம், இப்போது தாய்வீடு என்று வைத்துக்கொள்வோம். 'கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம்' என்ற கட்டத்தைப் பார்த்துத் திருப்பூர் கோர்ட்டுக்கு மனு தயாரித்தால், வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டியதுதான். மனைவி மனுதாரராக இருந்தால் தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று 2003இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது.

அரசே நடத்தும் கருவி தவறாது என்பாரும் உண்டு. பிரிட்டனின் நீதித்துறை அமைச்சகம் இணையத்தில் வைத்திருந்த 'ஃபார்ம் ஈ' சொத்து விவரப் படிவம், கடனைக் கழிக்காமலே கூட்டுத்தொகை காட்டியது. 2015 டிசம்பரில் குட்டு வெளிப்பட்டது. 3,638 கோப்புகளில் பிழை என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டது. 2023 அக்டோபரில் லண்டன் வக்கீல் நிறுவனம் ஒன்று அரசின் இணைய விவாகரத்துத் தளத்தில் தவறுதலாக வேறொரு தம்பதியின் கோப்பைத் திறந்து இறுதி உத்தரவு கேட்டது. 21 நிமிடத்தில் உத்தரவு வந்தது. ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது. பிழை வக்கீல் தரப்பில்தான், ஆனால் இந்தத் தம்பதிதானா என்று கேட்கும் புத்தி அந்தத் தளத்துக்கு இல்லை.

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. முகவரி, தேதி, இணைப்புகளைச் சரிபார்க்கச் செயலி உதவட்டும், யார் வேண்டாமென்றது? எதைக் கேட்பது, எதை விடுவது என்று பேச ஓர் ஆள் தேவை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களுக்கும் வாசல் அடைபடவில்லை. முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் நடுவே பொதுவாக ஆறு மாதம் இருக்கிறது. தீர்ப்பாகும் வரை ஒப்புதலை ஒருவர் மட்டுமே கூடத் திரும்பப் பெறலாம் என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்குள் வக்கீலைப் பார்த்தால், விட்டுக்கொடுத்த ஜீவனாம்சத்தை மறுபடி பேச இடமிருக்கிறது.