கடை வைக்க மூணு லட்சம் போதுமா?

"சின்னதா ஒரு மளிகைக் கடை வைக்க என்ன சார் செலவாகும்?"

பேங்கில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ரிட்டயர் ஆன பிறகும் விடுவதில்லை. நம் ஊரில் கேட்பவர்களில் பாதிக்கு மேல் தறிக்காரர்கள். கூலி கட்டுப்படியாகவில்லை, இடுப்பு போய்விட்டது, கண் மங்குகிறது, பையன் தறியில் உட்கார மாட்டேன் என்று ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வீட்டோடு இருந்து பிழைக்க ஒரு கடை என்று தோன்றுவதில் தப்பே இல்லை. ஆனால் அவர்கள் போடும் கணக்கைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

போன மாதம் பிள்ளையார்பாளையத்தில் இருந்து ஒருவர் வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒரு சீட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தறிக்குழியை மூடி, தரை போட்டு, ஷட்டர் வைக்க 55,000. ரேக்கும் கண்ணாடி மேஜையும் 40,000. ஃப்ரிட்ஜ் 30,000. எலக்ட்ரானிக் தராசு 7,000. ஒயரிங், போர்டு 18,000. சரக்கு ஒன்றரை லட்சம். ஆக 3,00,000. "சொந்த வீடு சார், வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. முத்ரா லோன் கிடைச்சா போதும்" என்றார்.

முத்ரா 2015-ல் வந்தது. ஐம்பதாயிரம் வரை ஒரு படி, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை அடுத்த படி, அடமானம் வேண்டாம். கிடைக்கலாம். லைசென்ஸ் செலவைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு 2011 விதியில் சிறு கடைக்கு வைத்த கட்டணம் வருடம் 100 ரூபாய். வருட விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும். இதிலெல்லாம் யாரும் மூழ்கிப் போவதில்லை.

கரண்ட் வேறு கதை. வீட்டில் கைத்தறி இருந்தால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் (2023-ல் 200-ஐ 300 ஆக்கினார்கள்). தறியை எடுத்துவிட்டால் அது போச்சு. அதே அறையில் கடை வந்தால் வணிக இணைப்பு. முதல் யூனிட்டில் இருந்தே காசு. கூல்டிரிங்ஸ் கம்பெனிக்காரன் ஃப்ரிட்ஜை இலவசமாக வைக்கிறேன் என்பான். அவன் பாட்டிலைத் தவிர வேறு எதையும் உள்ளே வைக்கக் கூடாது, கரண்ட் பில் மட்டும் நம்முடையது!

இப்போது வரவைப் பார்ப்போம். பாக்கெட் சாமான்களில் எட்டு முதல் பத்து சதவீதம் நிற்கும். பாலில் அதுவும் நிற்காது. அரிசி வியாபாரம் என்று பெரிதாக நம்ப முடியாது. 1967-ல் நம்ம ஊர் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி என்று ஆரம்பித்து வைத்தார். 2011 ஜூனில் இருந்து ரேஷனில் புழுங்கலரிசி விலையே இல்லாமல் கிடைக்கிறது. சரி, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். தெருவுக்குள் இருக்கும் கடையில் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் விற்றால் மாதம் 9,000 லாபம். கரண்ட், பை, எலி கடித்தது, தேதி முடிந்தது என்று 2,500 போகும். மூணு லட்சத்தை ஐந்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை 6,500-ஐ ஒட்டி வரும். மிச்சம் பூஜ்யம். நாளைக்கு 4,000 விற்றால் மாதம் 3,000 கைக்கு நிற்கும். விடியற்காலை ஐந்து மணி பாலில் இருந்து ராத்திரி பத்து மணி கொசுவர்த்தி வரை உட்கார்ந்ததற்கு நாள் கூலி நூறு ரூபாய். அப்படி உட்காரப் போவது பெரும்பாலும் வீட்டு அம்மாதான். அந்தச் சீட்டில் அந்த அம்மாளுக்கு ஒரு வரியும் இல்லை, கவனித்தீர்களா?

இதையாவது சமாளிக்கலாம். சீட்டில் இல்லாத பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் கடன் நோட்டு.

தறிக்காரத் தெருவில் கடை வைத்தால் வாங்குகிறவரும் தறிக்காரர்தான். அவருக்குச் சம்பளத் தேதி கிடையாது. சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? "அண்ணி, எழுதிக்கோங்க, சேலை அறுத்ததும் தந்துடறேன்" என்று குழந்தையை அனுப்புவார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது? பக்கத்து வீடு, பாதிப் பேர் சொந்தம். ஐப்பசி கார்த்திகை வந்தால் இன்னும் மோசம். குழியில் தண்ணீர் ஊறும், தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட முடியாது. தறி நிற்கும், நோட்டு ஓடும்.

நாற்பது வீடு, வீட்டுக்கு 1,500 பாக்கி என்றால் 60,000 ரூபாய். ஒன்றரை லட்சம் சரக்கில் அது நோட்டுக்குள் போய்விட்டால் ரேக்கில் இருப்பது 90,000 சரக்குதான். யாரும் ஏமாற்றவில்லை, எல்லோரும் ஒரு நாள் கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பணம் திரும்பக் கடைக்கு வருவதே இல்லை. பழையது அடைபடும்போதே புதியது ஏறிவிடும். ரேக்கில் ஓட்டை விழுந்தால் ரொக்கம் வைத்திருப்பவர் மெயின் ரோட்டுக் கடைக்குப் போய்விடுகிறார், நோட்டுக்காரர் மட்டும் நம்மிடம் நிற்கிறார்.

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். சரக்கு போடும் வேன்காரனுக்கு ரொக்கம் வேண்டும், அதனால் தண்டல். பத்தாயிரம் என்று பேச்சு, கையில் தருவது ஒன்பதாயிரம், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். கேட்க லேசாக இருக்கும். நாளுக்கு நாள் முதல் குறைவதைக் கணக்கில் எடுத்துப் போட்டுப் பாருங்கள், வருட வட்டி எண்பது சதவீதத்தை ஒட்டி நிற்கும். பத்து சதவீத லாபத்தில் அதை எங்கிருந்து கட்டுவது?

"ஊர்ல கூட்டத்துக்கு என்ன சார் குறைச்சல்?" என்றும் அவர் கேட்டார். வைகாசி கருட சேவையையும் 2019 அத்தி வரதரையும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். அந்த 48 நாள் கூட்டம் நமக்கெல்லாம் மறக்காது. ஆனால் அடுத்த அத்தி வரதர் 2059-ல். அதோடு கோயிலுக்கு வருகிற ஜனம் பிள்ளையார்பாளையம் குறுக்குத் தெருவுக்குள் வந்து உளுத்தம் பருப்பு வாங்கப் போவதில்லை.

நான் கடை வேண்டாம் என்று சொல்லவில்லை. குழியை மூடாதீர்கள் என்கிறேன். மூடுவதற்கு ஒரு வண்டி மண் போதும். திரும்பத் தறி இறக்க வேண்டும் என்றால் மரம், அச்சு, விழுது, ஜக்கார்டு பெட்டி எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். விற்கும்போது பழைய தறி மரம் விறகு விலைக்குத்தான் போகிறது. அதனால் முதல் ஆறு மாதம் திண்ணையில் வைத்துப் பாருங்கள். ஒரு மர ரேக், ஒரு மேஜை, அறுபதாயிரம் ரூபாய்க்குச் சரக்கு. ஷட்டரும் போர்டும் பிறகு வரட்டும். வீட்டுக்கு ஐநூறு ரூபாய்க்கு மேல் நோட்டில் ஏறக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சண்டை வரும். நோட்டுக்கென்று இருபதாயிரத்தை முதலிலேயே தனியாக எழுதி ஒதுக்குங்கள், அது திரும்பாத பணம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். தறியும் ஓடும், கூலியும் வரும்.

பேங்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரேக் வாங்க, ஃப்ரிட்ஜ் வாங்க என்று கொட்டேஷன் கேட்கிறோம், கொண்டு வந்தால் கடன் தருகிறோம். கடன் நோட்டுக்குக் கொட்டேஷன் தருகிற கடை எங்கும் இல்லை. அதனால் அது எந்த விண்ணப்பத்திலும் ஏறுவதில்லை, தண்டல்காரன் கைக்குப் போகிறது. சிறு கடைக்குத் தரும் கடனில் ஒரு பங்கை மேஜை நாற்காலிக்கு இல்லாமல் நடைமுறை முதலாக, போட்டு எடுக்கிற கணக்காக வைத்துக் கொடுத்தால் என்ன? விதியில் இடம் இருக்கிறது. கொட்டேஷன் இருந்தால் ஃபைல் சுத்தமாக இருக்கும் என்பதால்தான் எல்லோரும் ரேக்குக்குக் கொடுக்கிறார்கள்.