‘ஆபாசம்’ என்னும் குற்றச்சாட்டு: சாதியை மறைக்கும் பிரிவும் சட்டம் தரும் தற்காப்பும்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பதிவாகும் அடிதடி வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்: ‘அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்தார்.’ இந்த மூன்று துணுக்குகளும் மூன்று சட்டப் பிரிவுகள். இந்திய தண்டனைச் சட்டத்தில் அவை 294(பி), 323, 506(2). 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 296(பி), 115(2), 351(3). எண்கள் மாறினாலும் வாசகம் மாறவில்லை.

இவற்றுள் முதல் பிரிவைப் பலரும் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. ‘அது பெட்டி கேஸ், அபராதம் கட்டினால் முடிந்துவிடும்’ என்பதே பொதுவான எண்ணம். ஆனால் தலித் மக்களின் வாழ்வில் இப்பிரிவு இரண்டு முகங்களோடு வருகிறது. தலித் ஒருவர் புகார் கொடுக்கும்போது நடந்த சாதி இழிவை மறைக்க அது பயன்படுகிறது. அவர் மீது எதிர்ப்புகார் வரும்போது அவரைச் சமாதானத்திற்குப் பணியவைக்க அது பயன்படுகிறது. இரண்டையும் எதிர்கொள்ளச் சட்டத்திலேயே வழி இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிவு சொல்வது என்ன?

பிறருக்குத் தொல்லை உண்டாகும்படி, பொது இடத்தில் ஆபாசச் செயல் புரிவது 296(ஏ). பொது இடத்திலோ அதன் அருகிலோ ஆபாசமான பாடலைப் பாடுவது, ஆபாசமான சொற்களைச் சொல்வது 296(பி). தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீதிமன்ற ஆணையின்றியே காவல்துறை வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடிய குற்றம் இது. ஆனால் பிணையில் விடத்தக்க குற்றமும்கூட. அதாவது, இப்பிரிவு மட்டும் இருக்கும் வழக்கில் காவல் நிலையத்திலேயே பிணை பெறுவது உரிமை. அதிகாரி காட்டும் சலுகை அன்று. ஏழாண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளையும் இங்கே பொருந்தும்.

ஆபாசத்தை அளப்பது யார்?

‘ஆபாசம்’ என்ற சொல்லுக்கு இப்பிரிவில் விளக்கம் இல்லை. நீண்ட காலம் நீதிமன்றங்கள் 1868ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பான ஹிக்ளின் அளவுகோலையே பின்பற்றின. அவீக் சர்க்கார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் மதிப்பீடுகளைக் கொண்டே ஆபாசத்தை அளக்க வேண்டும் என்றது. இது முன்னேற்றமே. ஆயினும் எந்தச் சமூகத்தின் மதிப்பீடு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நாட்டில் ‘சமூகம்’ என்ற சொல் பெரும்பாலும் ஊரையே குறித்துவிடுகிறது.

வரலாறு இதற்குச் சான்று. திருவிதாங்கூரில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததே வரம்பு மீறலாகக் கருதப்பட்டது. நெடிய போராட்டத்திற்குப் பின் 1859இல் மன்னர் அந்த உரிமையை அறிவித்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டியே இருந்தது. உடலை மறைப்பது ஒழுக்கம் என்று பேசிய அதே சமூகம், ஒடுக்கப்பட்ட பெண் தன் உடலை மறைத்ததை ஒழுங்கீனம் என்றது. ஒழுக்கத்தின் அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே குற்றமும் அமைகிறது.

பூங்காவிலும் கடற்கரையிலும் அமர்ந்திருக்கும் இணையர் மீது 296(ஏ) பாயக்கூடும் என்ற அச்சமும் இதனுடன் சேர்ந்ததே. சாதி மறுத்துக் காதலிப்போருக்கு அத்தகைய வழக்கு வெறும் அபராதமன்று. வீட்டாருக்குத் தகவல் போய்ச்சேரும் வழி. பொது இடத்தில் முத்தமிட்டதாக மணமான இளம் இணையர் மீது பதியப்பட்ட 294 வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் ரத்து செய்தது. அன்பின் வெளிப்பாட்டை ஆபாசம் என்று வழக்காக்க இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்க வேண்டிய கேள்விகள்

முதலாவது: சொன்னதாகக் கூறப்படும் சொல் எது? ‘அசிங்கமாகத் திட்டினார்’ என்பது புகார் எழுதியவரின் கருத்து, சான்று அன்று. முதல் தகவல் அறிக்கையிலும் சாட்சிகளின் வாக்குமூலத்திலும் அந்தச் சொற்கள் இடம்பெற வேண்டும். அவை இல்லை என்றால் அவை ஆபாசமா என்று நீதிமன்றம் எப்படி முடிவு செய்யும்?

இரண்டாவது: அந்தச் சொல் சட்டத்தின் பொருளில் ஆபாசமா? மதனகோபால் எதிர் லலிதா வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வசைச்சொல், இழிவுபடுத்தும் சொல், அவதூறான சொல் என்பதனாலேயே 294(பி) குற்றம் ஆகிவிடாது. காம உணர்வைத் தூண்டும் தன்மை அதில் இருக்க வேண்டும். கெட்ட வார்த்தைகள் தம்மளவில் ஆபாசமாகிவிடா என்று, ஓர் இணையத் தொடர் குறித்த அபூர்வா அரோரா வழக்கிலும் 2024இல் அதே நீதிமன்றம் கூறியது. கோபத்தில் பிறந்த சொல்லும் காமத்தைக் கிளறும் சொல்லும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

மூன்றாவது: அது பொது இடமா, அல்லது பொது இடத்திற்கு அருகிலா? நான்காவது: பிறருக்குத் தொல்லை நேர்ந்ததா? புகார்தாரருக்குக் கோபம் வந்தது என்பது போதாது. கேட்டவர்கள் தொல்லைக்கு உள்ளானதற்கு ஆதாரம் வேண்டும் என்பதையும் மதனகோபால் தீர்ப்பு வலியுறுத்துகிறது.

ஐந்தாவது: காலவரம்பு. ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களுக்குக் காலவரம்பு ஓராண்டு; அதற்குள் காவல்துறையில் தகவல் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் புகார் தாக்கலாகியிருக்க வேண்டும். ஆனால் பல குற்றங்கள் சேர்ந்த வழக்கில் மிகக் கடுமையான பிரிவே காலவரம்பை நிர்ணயிக்கும். ஏழாண்டு தண்டனைக்குரிய கொலை மிரட்டல் பிரிவு உடன் சேர்க்கப்பட்டால் இந்த வரம்பு அகன்றுவிடுகிறது. ஆகவே அந்தப் பிரிவுக்கு உண்மையில் அடிப்படை இருக்கிறதா என்பதையும் எதிர்த்துக் கேட்க வேண்டும்.

இக்கேள்விகளுக்கு விடையில்லாத வழக்கை ரத்து செய்யக் கோரி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அதற்கு வசதி இல்லாதோர் விசாரணை நீதிமன்றத்திலேயே, சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞர் துணையோடு இவற்றை எழுப்பலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்

அலைச்சலுக்கு அஞ்சி ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்லி அபராதம் கட்டுவதே எளிது என்று பலருக்கும் அறிவுரை சொல்லப்படுகிறது. அந்த ஒப்புதல் ஒரு தண்டனைத் தீர்ப்பு. ஹரியானாவில் 294இன் கீழ் குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 ரூபாய் அபராதம் கட்டிய அரசு ஊழியர் ஒருவர் அதன் பொருட்டே வேலையை இழந்தார். அப்பிரிவில் பெற்ற தண்டனை என்பதாலேயே அது ஒழுக்கக்கேடு ஆகிவிடாது என்று 1996இல் பவன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் 20 ரூபாய்க்காக அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. குடும்பத்தில் முதன்முதலாக அரசுத் தேர்வு எழுதும் மாணவர் ஒருவருக்கு அந்தப் பயணம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கு இருப்பின், விண்ணப்பத்தில் கேட்கப்படும்போது அதை மறைக்கக் கூடாது. மறைத்ததே தனிக் காரணமாகி வேலையைப் பறிக்கக்கூடும்.

பாதிக்கப்பட்டவர் கவனிக்க வேண்டியது

இனி அப்பிரிவின் மறுமுகம். சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட ஒருவரின் புகாரில் காவலர் ‘ஆபாசமாகத் திட்டினார்’ என்று எழுதிவிட்டால் அச்சொல்லில் இருந்த சாதி காணாமற்போகிறது. ஐந்தாண்டு வரை தண்டனைக்குரிய வன்கொடுமை, மூன்று மாதக் குற்றமாகச் சுருங்குகிறது. துணைக் கண்காணிப்பாளர் நிலையிலான அதிகாரியின் புலன்விசாரணை, அரசின் தீருதவித் தொகை, குற்றவாளிக்கு முன்பிணை மறுப்பு ஆகிய அனைத்தும் அதனுடன் நழுவுகின்றன. இன்னொரு முரணும் உண்டு. சாதி வசை காம உணர்வைத் தூண்டுவதன்று. ஆகவே மதனகோபால் தீர்ப்பின்படி அந்த ஆபாச வழக்கும் நிற்காது. குற்றவாளி இரண்டு சட்டங்களிலிருந்தும் தப்பிவிடுகிறார்.

எனவே புகாரில் சொல்லப்பட்ட சொல் சொல்லப்பட்டபடியே இருக்க வேண்டும். பிறர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), சாதிப்பெயர் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்). இவற்றிற்குப் ‘பொதுப்பார்வை’ முதன்மையான கூறு. நான்கு சுவருக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது நடந்ததாகக் கூறப்படும் வழக்குகள் நிலைப்பதில்லை என்பதை 2020இல் ஹிதேஷ் வர்மா தீர்ப்பும், திருச்சி மாவட்ட வழக்கொன்றில் 2025இல் வந்த கருப்புடையார் தீர்ப்பும் காட்டுகின்றன. அருகில் இருந்து கேட்டவர்கள் யார் என்பதை, உறவினரல்லாதோரையும் சேர்த்து, முதல் புகாரிலேயே எழுதுவது இன்றியமையாதது. வாய்மொழிப் புகாரை எழுதிய பின் படித்துக்காட்டிக் கையொப்பம் பெறுவதும், படியைக் கொடுப்பதும் காவல் அதிகாரியின் கடமை. வேண்டுமென்றே தவறினால் நான்காம் பிரிவின் கீழ் அதுவே குற்றம்.

எதிர்ப்புகாருக்கும் இச்சட்டத்தில் விடை உண்டு. பட்டியல் சாதியினர் மீது பொய்யான, தீய நோக்குடைய வழக்குத் தொடுப்பது 3(1)(பி)யின் கீழ் தனி வன்கொடுமை. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகும் இதைக் கேட்டு வலியுறுத்துவோர் குறைவு.

எந்தச் சொல், எந்த இடம், யார் கேட்டார் என்ற மூன்று கேள்விகளே பொய் வழக்கைத் தகர்க்கின்றன. உண்மை வழக்கை நிறுத்துவதும் அவைதாம். கையொப்பமிடும் முன் முதல் தகவல் அறிக்கையைப் படிக்கும் பழக்கத்தை நம் விடுதிகளிலும் வாசக வட்டங்களிலும் கற்றுக்கொடுப்பது இன்றைய அவசரப் பணி. சாதியை ‘அசிங்கம்’ என்ற பொதுச்சொல்லுக்குள் புதைக்க நாம் இனியும் அனுமதிக்கலாகாது.