மறதி நோய் உள்ளோருக்கு ஊரிலேயே ஒரு நட்புக் குழு: ஜவ்வாது மலைக் குடும்பங்களுக்கான விளக்கம்

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பல்லாண்டு நடந்து பழகிய பாதையில் தடுமாறி நிற்கிறார். பொழுது சாய்ந்ததும், தம் வீட்டில் இருந்துகொண்டே, "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று கிளம்புகிறார். இதனை முதுமையின் இயல்பு என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். பெரும்பாலான குடும்பங்கள் அவ்வாறே எண்ணுகின்றன.

இதற்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு சான்று உண்டு. ஜவ்வாது மலையின் வடக்கே, வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில், 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 1,000 பேரை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆய்வு செய்தனர். 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வுத் திட்டத்தின் ஒரு பகுதி அது. 2008ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டதாகக் குடும்பத்தினர் கூறினால் மட்டுமே நோய் எனக் கொள்ளும் பழைய அளவுகோலின்படி, இந்தியக் கிராமப்புறத்தில் மறதி நோய் உள்ளோர் 0.3 விழுக்காடு மட்டுமே. எழுத்தறிவு இல்லாதவருக்கும் பொருந்துமாறு வகுக்கப்பட்ட புதிய அளவுகோலின்படியோ, அது 10 விழுக்காட்டைத் தாண்டியது. மக்கள் அதே மக்கள்தாம். நோய் இருந்தது, அதைக் குறையாக யாரும் சொல்லவில்லை.

காரணம் எளிது. மருமகள் சோறு போடுகிறார். மகன் நியாயவிலைக் கடைக்குச் சென்று வருகிறார். திண்ணையில் அமர்ந்து புளி கொட்டை எடுக்கும் பாட்டியிடம் கணக்கும் கையெழுத்தும் எவரும் கேட்பதில்லை. கூட்டுக் குடும்பம் நோயைத் தாங்கிக்கொள்கிறது. தாங்கிக்கொள்வதாலேயே மறைத்தும் விடுகிறது. இப்போது அந்தத் தாங்கல் மெலிந்து வருகிறது. பிள்ளைகள் வேலை தேடி மலையிலிருந்து இறங்கி, மாதக்கணக்கில் வெளியூர்களில் தங்குகின்றனர். வீட்டில் எஞ்சுவோர் முதியவரும் பேரப்பிள்ளைகளும். உலை கருகிய பிறகோ, பெரியவர் காட்டுக்குள் வழி தவறிய பிறகோதான் நோய் தெரிய வருகிறது. தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு, 2031இல் இது 18 விழுக்காட்டைத் தாண்டும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஆகவே இது ஒரு சில வீடுகளின் கவலையாக மட்டும் நின்றுவிடாது.

குழு எதற்கு?

1997ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பேரே மீசன் என்னும் உளவியலாளர், நோயாளியும் அவரைப் பராமரிப்பவரும் ஒன்றாக வந்து அமரும் மாதாந்திரச் சந்திப்பைத் தொடங்கினார். ஒரே வீட்டில் வாழ்ந்தும் இந்நோயைப் பற்றி ஒருவரோடொருவர் பேச இயலாத நிலையை மாற்றுவதே அவரது நோக்கம். இன்று பல நாடுகளில் இது நினைவுக் காப்பிக்கடை என்ற வகையில் நடைபெறுகிறது. இங்கிலாந்தில் உருவான மற்றொரு முறையில், சிறு குழுவினர் 14 அமர்வுகளில் உரையாடல், பாட்டு, பொருள்களைத் தொட்டுணர்தல் ஆகியவற்றில் ஈடுபடுகின்றனர். லேசான, நடுத்தர நிலை நோயாளிகளின் சிந்தனைத் திறனுக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இம்முறை ஓரளவு உதவுவதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் இதனைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்துப் பயன்படுத்தியுள்ளது.

இதிலிருந்து ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். குழு நோயைக் குணப்படுத்தாது. நோய் முற்றுவதை நிறுத்தவும் செய்யாது. நினைவாற்றலை மீட்டுத் தருவதாக விற்கப்படும் மாத்திரை, எண்ணெய், விளையாட்டுச் செயலி எதற்கும் பணம் செலவிட வேண்டாம். குழு தருவது வேறு. வீட்டுக்குள் அடைந்தவர் மனிதரோடு மனிதராக அமர்கிறார். அவரைக் கவனிப்பவருக்கோ, தம் நிலை அறிந்த இன்னொருவர் கிடைக்கிறார்.

முதலில் மருத்துவப் பரிசோதனை

குழுவில் சேர்க்கும் முன் பெரியவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் மூளை உறைக்கடியில் தேங்கிய இரத்தம், சில மாத்திரைகளின் பக்க விளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கண்புரையும் காது மந்தமும் மறதி போலவே தோன்றும். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால் அதை மறதி நோய் என எண்ணிக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உடலில் உப்பு குறைதல், பக்கவாதம் போன்றவை காரணமாக இருக்கலாம். உடனே 108 ஊர்தியை அழையுங்கள்.

குழுவை நடத்தும் முறை

மலையில் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன, பேருந்துகள் குறைவு. ஆகவே ஜமுனாமரத்தூரில் ஒரு பெரிய மையம் அமையட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நடந்து வரக்கூடிய தொலைவில் உள்ள நான்கைந்து குடும்பங்கள் போதும். அங்கன்வாடிக் கட்டடம், சமுதாயக் கூடம், கோயில் மண்டபம் எதுவானாலும் சரி. படிகள் குறைவாகவும் கழிப்பறை அருகிலும் இருக்க வேண்டும். கிணறோ ஏரியோ பக்கத்தில் உள்ள இடத்தைத் தவிருங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் பொறுமையுள்ள இருவர், கிராம சுகாதார செவிலியர் அல்லது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர் துணையிருந்தால் தொடங்கிவிடலாம்.

நேரம் காலை பத்து மணியளவில் இருக்கட்டும். இந்நோய் உள்ள பலருக்கு மாலையில் குழப்பமும் பதற்றமும் கூடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். சந்தை நாளும் ரேஷன் வழங்கும் நாளும் இரைச்சல் மிகுந்தவை; அவை வேண்டாம். கிழமையும் இடமும் மாறாதிருப்பது மிக முக்கியம். சென்ற வாரம் வந்ததை அவர் மறந்திருப்பார். ஆனால் அதே திண்ணை, அதே பாய், அதே முகங்கள் அவருக்கு அச்சமற்ற உணர்வைத் தரும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் குடும்பத்தினரால் வர இயலாது. அதை முன்பே கணக்கில் கொண்டு, அம்மாதங்களில் தன்னார்வலர் வீட்டுக்குச் சென்று வருமாறு ஏற்பாடு செய்யுங்கள்.

வந்தவரிடம், "நான் யார், தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள். அன்பினால் கேட்கப்படும் இக்கேள்வி அவருக்குத் தேர்வாகிவிடுகிறது. "தாத்தா, நான் உங்கள் தங்கை பேத்தி, பக்கத்து ஊரிலிருந்து வந்திருக்கிறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம். இறந்துபோன கணவரைப் பாட்டி தேடினால் ஒவ்வொரு முறையும் இறப்புச் செய்தியைச் சொல்லாமல், அவரைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

வண்ணப் புத்தகமும் பொம்மையும் தேவையில்லை. அவர்கள் குழந்தைகள் அல்லர். கைகள் பல காலம் செய்த வேலையை உடல் எளிதில் மறப்பதில்லை. முறமும் சிறிது சாமையும் கொடுத்தால், மகளின் பெயரை நினைவுகூர இயலாத பாட்டி புடைக்கத் தொடங்குவார். கல் பொறுக்குதல், புளியில் நார் எடுத்தல், விறகுச் சுள்ளி கட்டுதல் ஆகியவையும் ஏற்றவை. வேலை முடிந்ததா, சரியாக நடந்ததா என்று பார்க்காதீர்கள். பேச்சுக்குப் பழைய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: உரலும் உலக்கையும் இருந்த நாள்கள், முதன்முதலில் ஊருக்கு வந்த பேருந்து, 1986 சனவரியில் காவலூர் வானாய்வகப் பெரிய தொலைநோக்கியைத் திறந்து வைக்கப் பிரதமர் ராஜீவ் காந்தி மலைக்கு வந்தது. ஒருவருக்குப் பேச விருப்பமில்லையெனில் சும்மா அமர்ந்திருக்கவும் எழுந்து போகவும் அவருக்கு உரிமை உண்டு.

ஒரு வேண்டுகோள், அலுவலர்களுக்கும் சேர்த்து: சிறப்பு விருந்தினர், பொன்னாடை, அறிக்கைக்கான ஒளிப்படம் ஆகியவற்றை இங்கே கொண்டுவராதீர்கள். முன்பின் அறியாத கூட்டமும் ஒலிபெருக்கியும் இந்நோயாளிகளைக் கலங்கச் செய்யும். குடும்பத்தாரும் மறுமுறை வரத் தயங்குவர்.

பராமரிப்பவருக்கு அரை மணி நேரம்

இந்த அரை மணி நேரத்துக்காகவே குழு நடத்தலாம் என்பது என் கருத்து. தன்னார்வலர்கள் பெரியவர்களோடு இருக்கும்போது, பராமரிப்பவர்கள் தனியே அமர்ந்து பேசட்டும். அவர்களுள் பெரும்பாலோர் மனைவியர், மகள்கள், மருமகள்கள். இரவில் உறக்கமில்லை, பொறுமை இழந்து கையோங்கிவிட்டேன், கதவைப் பூட்டிவிட்டுக் காட்டு வேலைக்குப் போனேன் என்பன போன்றவை அங்கேதான் வெளிவரும். கேட்பவர் கண்டிக்கக் கூடாது. அங்கே பேசியது ஊருக்குள் போகவும் கூடாது. செய்வினை என்றும் தெய்வக் குற்றம் என்றும் கருதும் குடும்பம் இருந்தால் வாதம் செய்ய வேண்டாம். பூசையும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும்.

பூட்டி வைப்பதற்கு மாற்று என்ன என்பதைக் குழுவே வகுக்க முடியும். நீங்கள் நூறு நாள் வேலைக்குச் செல்லும் நாளில் அடுத்த வீட்டார் கவனிப்பது, பெரியவரின் ஒளிப்படத்தையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் தேநீர்க் கடையிலும் பேருந்து ஓட்டுநரிடமும் கொடுத்து வைப்பது என வழிகள் உண்டு. கோவாவில் 2008இல் வெளியான ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வழிகாட்டியதால் பராமரிப்பவர்களின் மனநலம் மேம்பட்டது. அவர்கள் மருத்துவர்கள் அல்லர்.

நோய் முற்றும்போது ஒருநாள் குழுவே அவருக்குச் சுமையாகும்: கூட்டத்தைக் கண்டு அஞ்சுவார், உணவை விழுங்கத் திணறுவார். அப்போது அவரை அழைத்து வர வேண்டாம். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருமாறு கேளுங்கள். நீங்கள் மட்டும் தொடர்ந்து வாருங்கள். அவர் மறைந்த பிறகும் வரலாம். புதிதாக வரும் குடும்பத்துக்கு உங்களைவிட நன்றாக எடுத்துச் சொல்லக்கூடியவர் எவரும் இருக்க மாட்டார்.

மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, முதியோர் உதவிக்கு எல்டர்லைன் 14567, மருத்துவத் தகவலுக்கு 104 ஆகிய எண்களில் கட்டணமின்றிப் பேசலாம். கைப்பேசிக் கோபுரம் எட்டாத ஊர்களில் உள்ளோர், துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள்.