வீடு அவருடையது, பட்டியல் தரகருடையது

அமெரிக்காவில் புரோக்கர் இல்லாமல் தன் வீட்டைத் தானே விற்க நினைப்பவருக்கு முதல் தலைவலி விலை அல்ல. வீடு யார் கண்ணிலாவது படவேண்டுமே! வீட்டுத் தளங்களுக்குப் பெரும்பாலான விவரம் எம்.எல்.எஸ். எனும் தரகர்களின் பொதுப்பட்டியலில் இருந்துதான் போகிறது. உறுப்பினர் அல்லாதவர் அதில் கைவைக்க முடியாது. ஜில்லோவில் உரிமையாளரே இலவசமாகப் போடலாம்தான். ஆனால் 2021-ல் அந்தத் தளம் தரகர்களின் நேரடிப் பட்டியலுக்கு மாறியபோது, இந்த வீடுகளைத் தனி டேபில் தள்ளிவிட்டார்கள். அதைத் தேடிப்போய் கிளிக் செய்பவர் எத்தனை பேர்?

அதனால்தான் சில நூறு டாலர் வாங்கிக்கொண்டு பட்டியலில் ஏற்றிவிடும் 'ஒரே கட்டண' தரகர்களுக்கு மவுசு. ஏற்றியதும் வீடு மற்ற தளங்களுக்கும் தானாகப் பரவும். போட்டோ, வீட்டைக் காட்டுவது, பேரம் எல்லாம் உரிமையாளர் தலையில் (கட்டணம் தனி!). வீட்டுக்காரருக்கு இது லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் விளம்பரப் பலகை மாட்டவே இன்னொருவர் தயவு வேண்டும் என்பது அநியாயம். காசு வாங்கிக்கொண்டாவது அந்தப் பட்டியலை உரிமையாளருக்கே நேராகத் திறந்துவிடட்டுமே.